தமிழய்யா எழுதச் சொன்ன கஸ்மாலம்

தமிழய்யா காலமான செய்தி நம் வாட்ஸ்அப் குழுவில் வந்ததும் வரிசையாகக் கைகூப்பிய பொம்மைகள் விழுந்தன. அப்புறம் ஒருவன், 'பேமானிக்குப் பொருள் சொன்ன மகான்' என்று போட்டான். அதற்குத்தான் எல்லோரும் பதில் எழுதினார்கள். பவள விழா மலருக்கு நான் தருவதாகச் சொன்ன கட்டுரை 'பள்ளி தந்த ஒழுக்கம்'. மலர்க்குழு மன்னிக்க வேண்டும், அதை எழுத மனம் வரவில்லை.

அவர் யாரையும் அடித்ததில்லை. வாயில் வந்த வார்த்தையைக் கரும்பலகையில் எழுதச் சொல்வார். அதற்குப் பிரம்படியே தேவலை.

1984, ஒன்பதாம் வகுப்பு, மதியம் முதல் பீரியட். இங்க்கைத் தட்டிவிட்டவனை நான் 'கஸ்மாலம்' என்றேன். "வந்து எழுது" என்றார். எழுதினேன். "பெரிசா." அழித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன். கடைசி பெஞ்சு விசிலடித்தது. சாக்பீஸை வாங்கி அதன் கீழே 'குதஸ்த்வா கச்மலமிதம்' என்று எழுதினார். கீதை, இரண்டாம் அத்தியாயம், இரண்டாம் சுலோகம். வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ஜுனனைப் பார்த்துக் கண்ணன் கேட்கிறான்: இந்த நேரத்தில் உனக்கு இது எங்கிருந்து வந்தது?

"அங்கே மனசுல படிஞ்ச அழுக்கு. நம்ம ராயபுரத்துல ஆளே அழுக்கு. சரி, உனக்கு எங்கேருந்து வந்தது?"

"எங்கப்பாகிட்டேருந்து சார்."

"அப்பா என்ன பண்றார்?"

அதுவரை பொத்தி வைத்திருந்த விஷயம். கல்மண்டபம் மார்க்கெட் வாசலில் சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறார் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வகுப்பு சிரித்த சிரிப்பு உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம், சிரித்தவர்களும் நீங்கள்தானே. அவர் சிரிக்கவில்லை. "அப்போ நிறைய வெச்சிருப்பாரு. கேட்டு எழுதிக்கிட்டு வா."

கேட்டால் உதை விழும் என்று பயந்தேன். அப்பாவோ வெட்கப்பட்டார். "வாத்தியாரா கேட்டாரு?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, அம்மா உள்ளே போகும்வரை காத்திருந்து, பீடியைத் தரையில் தேய்த்து அணைத்துவிட்டு ஆரம்பித்தார். எனக்கே தெரியாத வார்த்தைகள். சிலதைச் சொல்லிவிட்டு, "இத எழுதாதே" என்றார்.

நோட்டு சிவப்பு மையோடு திரும்பி வந்தது. பேமானி: உருது, ஈமான் இல்லாதவன், நேர்மை கெட்டவன். பேஜார், நாஸ்தா: பாரசீகத்தில் பிறந்து உருது வழியாக வந்தவை. கலீஜ்: அரபியில் கிளம்பியது. ஆற்காட்டு நவாபு 1768இல் சேப்பாக்கத்தில் மாளிகை கட்டிக் குடியேறினார், திருவல்லிக்கேணிக் கடைத்தெருவில் உருது புழங்கியது, சவாரிக்குப் போனவன் காதில் விழுந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்தான் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. துட்டு, டச்சுக்காரனின் 'டொய்ட்' என்ற செப்புக்காசு. நைனா, தெலுங்கில் அப்பா. கேடி, பழைய குற்றவாளியைப் போலீஸ் பதிவேட்டில் குறித்த 'நோன் டிப்ரடேட்டர்' (Known Depredator) என்பதன் முதலெழுத்துகள். சவாரிக்கு வருகிறவன் கிராக்கி, சக்கரத்துக்கடியில் வந்து விழப் பார்ப்பவன் சாவுகிராக்கி என்று அப்பா சொன்னதற்கு மட்டும் திருத்தம் இல்லை. 'தந்தையார் சொன்னதே சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்பா அந்தப் பக்கத்தை ஸ்டாண்டில் எல்லோருக்கும் காட்டினார்.

கட்டிவிட்ட கதைகள் அவரிடம் செல்லாது. கிழக்கிந்தியக் கம்பெனி தபாலுக்குக் காசு கிடையாது, உறையில் குத்திய 'ஓ.சி.எஸ்.' (ஆன் கம்பெனி சர்வீஸ்) முத்திரைதான் ஓசி ஆனது என்று ஒருவன் அளந்தபோது, "கதை ஜோரா இருக்கு, உறையைக் காட்டு" என்றார்.

ஏமாற்றுப் பேர்வழிக்கு நாம் சொல்லும் ஃபோர் ட்வென்டி பழைய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு. புதுச் சட்டம் வந்து, 2024 ஜூலை முதல் அது 318 ஆகிவிட்டது. அவர் இருந்திருந்தால், "அவன் ஒரு முந்நூத்திப் பதினெட்டு" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, சட்டம் மாறலாம், வாய் மாறாது என்றிருப்பார்.

என் வாய் மாறிவிட்டது. வளைகுடா வேலைக்குக் கிளம்பிய அன்று, விமான நிலையத்துக்கு வந்த அப்பாவிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொன்னேன். அவர் பேசவே இல்லை. இங்கே ஷார்ஜாவில், குறுக்கே வந்த வண்டியைப் பார்த்து ஒரு பெஷாவர் டிரைவர் 'பேஈமான்' என்று கத்தியபோது பின்சீட்டில் சிரித்துவிட்டேன். ஏன் என்றார். எங்கப்பாவும் இப்படித்தான் திட்டுவார் என்றேன். "அவருக்கு உருது தெரியுமா?" தெரியாது, ராயபுரம்தான் தெரியும்.

போன விடுமுறையில் எம்.சி. ரோட்டில் சேலை எடுக்கப் போனோம். "இன்னா நைனா, எங்க போவணும்?" என்றார் ஆட்டோக்காரர். நைனா என்றால் என்ன என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள். சும்மா ஒரு வார்த்தை என்றேன். தமிழய்யா வீடு அங்கிருந்து நடக்கிற தூரம். வெயிலாக இருக்கிறது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று ஹோட்டலுக்கே திரும்பிவிட்டோம்.