மூட்டையில் வந்த தேனீ

பழைய புத்தகக் கடைக்குப் பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். பட்டியலில் உள்ளது ஒன்றும் அங்கே இருக்காது. மூன்று பாக நாவல் என்றால் இரண்டாம் பாகம் மட்டும் இருக்கும். முதல் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் வீட்டில் வைத்துக்கொண்டு நடுப்பாகத்தை மட்டும் எடைக்குப் போடுகிறவர்கள் யார், அந்த நடுப்பாகத்தின் மேல் அவர்களுக்கு அப்படி என்ன கோபம் என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

நான் வாடிக்கையாகப் போகும் கடையில் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் உள்ளே நுழைய முடியும். எதிரே இன்னொருவர் வந்துவிட்டால், இருவரில் ஒருவர் பின்னங்காலாலேயே நடந்து வெளியே வர வேண்டும். அடுக்கியிருக்கும் விதத்தில் ஒரு ஒழுங்கும் தெரியாது. இன்ஜினியரிங் கைடுக்கு மேல் பக்திப் பாடல்கள், அதற்கு மேல் சிறுநீரக நோய்கள், அதன் தலையில் ஒரு துப்பறியும் நாவல். ஆனால் கடைக்கார அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். ஸ்டூலைவிட்டு எழுந்திருக்கவே மாட்டார். "மூணாவது அடுக்குல கீழேருந்து ஏழாவதோ எட்டாவதோ. பச்சை அட்டை, முனை மடங்கியிருக்கும்." போய்ப் பார்த்தால் இருக்கும். ஆசிரியர் பெயரைச் சொன்னால் குழம்பிவிடுவார். அட்டையின் நிறமும் தடிமனும் சொன்னால் போதும்.

அந்தக் கடையில் ஒரே ஒரு சட்டம்தான், நடுவிலிருந்து உருவக் கூடாது. உருவினால் சிறுநீரக நோய்கள் தலையில் விழும்.

விலைக்கு வருவோம். அண்ணன் புத்தகத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை, நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். அதனால் வேண்டிய புத்தகத்தை ஏதோ போல ஓரமாக வைத்துவிட்டு, வேண்டாத ஒன்றை ஆசையாகத் தடவிக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இந்த நடிப்பை எல்லாரும் செய்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும். நான் எவ்வளவு உருக்கமாகத் தடவினாலும், ஓரமாக வைத்ததைத்தான் கையில் எடுத்து, "இதுதானே தம்பி?" என்பார்.

அப்படி ஓரமாக வைத்த ஒன்றுதான் அந்தத் தேனீ வளர்ப்புப் புத்தகம். எனக்குத் தேனீ வளர்க்கும் எண்ணம் எதுவும் கிடையாது. பால்கனியில் வைத்த துளசியையே காப்பாற்ற முடியவில்லை. முதுகில் ஒட்டியிருந்த 638.1 என்ற எண்தான் கண்ணை இழுத்தது. மெல்வில் டூயி என்ற அமெரிக்கர், நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்க 1876-இல் வெளியிட்ட பகுப்பு முறை அது. மனிதர் உலகத்தில் உள்ள அறிவையெல்லாம் 000 முதல் 999 வரை எண்களுக்குள் அடைத்துவிட்டார். பூச்சி வளர்ப்பு 638, அதில் தேனீ 638.1. (ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு இலக்கியங்களுக்கெல்லாம் ஆளுக்குப் பத்து எண் ஒதுக்கியிருக்கிறது. தமிழ் இலக்கியத்துக்கு 894.811. புள்ளிக்கு அப்பால் மூன்று இலக்கம் தள்ளித்தான் நம்மை உட்கார வைத்திருக்கிறார்கள். இந்த வருத்தத்தை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.)

திறந்தவுடன் பழைய காகிதத்தின் வாசனை. மரக்கூழ்க் காகிதத்தில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் சிதையச் சிதைய, வெனிலா மணம் தரும் வெனிலின் போன்ற வேதிப்பொருள்கள் வெளியேறும், அதனால்தான் அந்த லேசான இனிப்பு வாசம். முதுகுப் பக்கம் அரித்திருந்தது. பைண்டிங் பசையில் இருக்கும் ஸ்டார்ச் என்றால் வெள்ளிமீன் பூச்சிக்கு உயிர். தேனீ புத்தகத்தை வேறொரு பூச்சி சாப்பிட்டிருக்கிறது.

தலைப்புப் பக்கத்தை யாரோ சுத்தமாகக் கிழித்திருந்தார்கள். முத்திரை அங்கேதான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் நூலகத்தார் லேசுப்பட்டவர்களா? பல நூலகங்களில், உள்ளே குறிப்பிட்ட ஒரு பக்கத்தை ரகசியப் பக்கமாக வைத்துக்கொண்டு, எல்லாப் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தில் இன்னொரு முத்திரை குத்திவிடுவார்கள். இதிலும் இருந்தது, எங்கள் பகுதி நூலகத்தின் முத்திரை, பதிவெண்ணோடு. அதைவிட வேடிக்கை, தலைப்புப் பக்கத்தை அவ்வளவு அக்கறையாகக் கிழித்தவர் முதுகில் இருந்த எண்ணையும் பின்னட்டையில் இருந்த தேதிச் சீட்டையும் அப்படியே விட்டிருந்தார். அவர் சாமர்த்தியம் அவ்வளவுதான். சீட்டில் இருந்த கடைசித் தேதி யார் கையிலும் செல்போன் இல்லாத காலத்தது.

ஓரங்களில் பென்சில் குறிப்புகள் வேறு. "தேனீக்கள் இயல்பில் சாதுவானவை" என்ற வரிக்குப் பக்கத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. அடுத்த பக்கத்தில், "புகை காட்டினால் அமைதியாகிவிடும்" என்ற வரிக்கு எதிரே "பொய்". இரண்டு அத்தியாயம் தள்ளி, கையெழுத்து கொஞ்சம் கோணலாகி, "வலது கண்" என்று மட்டும். அதற்குப் பிறகு குறிப்பே இல்லை.

"அண்ணே, இது லைப்ரரி புத்தகம். உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"மூட்டையில வந்துச்சு தம்பி."

அந்தக் கடையில் எல்லாமே மூட்டையில்தான் வரும். நூலகத்திலேயே பழசைக் கழித்து ஏலம் விடுவார்கள், அதில் வந்ததாகவும் இருக்கலாம் என்றார். அப்படிக் கழித்ததென்றால் 'கழிக்கப்பட்டது' என்று ஒரு முத்திரை இருக்க வேண்டும். இதில் இல்லை. சரி, உரியவர்களிடமே ஒப்படைத்துவிடுவோம் என்று காசு கொடுத்து வாங்கினேன். ஒப்படைக்கப் போகிறேன் என்று சொன்னதும் அண்ணன் விலையைக் குறைப்பார் என்று எதிர்பார்த்தேன். நல்ல மனசுக்காரன் என்று முகத்தில் தெரிந்துவிட்டதால் பேரத்துக்கே இடமில்லாமல் போய்விட்டது.

நூலகத்தில் அன்று நல்ல கூட்டம். கூட்டம் என்றால் நாளிதழ்ப் பிரிவில். அங்கே ஒரு பெரியவர் விளையாட்டுப் பக்கத்தைப் படிப்பார், தலையங்கத்தை யாரும் எடுத்துவிடாதபடி அதன்மேல் முழங்கையை ஊன்றியிருப்பார். எதிரே இருப்பவர் அந்த முழங்கை எப்போது எழும் என்று அதையே பார்த்துக்கொண்டிருப்பார். மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியில் ஒருவர் கலைக்களஞ்சியத்தை விரித்து வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எந்தத் தொகுதியாக இருந்தாலும் அவருக்குச் சரி.

நூலகர் மேடம் போனில் இருந்ததால் மேசை முன்னால் நின்றேன். பின்சுவரில் நூலகவியல் அறிஞர், சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனின் படம், அதன் கீழே நூலகங்களுக்காக 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள். ரங்கநாதன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகரானார். சேர்ந்த புதிதில், இங்கே பொழுதே போகவில்லை, பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று போய்க் கேட்டவர். அப்புறம் லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்துதான் இந்த விதிகள், டூயி முறை போலப் புத்தகங்களைப் பிரிக்க அவரே வகுத்த கோலன் பகுப்பு முறை எல்லாம். நான்காவது விதி, "வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக." அதை நிறுத்தி நிதானமாக, எழுத்துக்கூட்டிக்கூட பலமுறை படிக்க எனக்கு அவகாசம் கிடைத்தது.

போனை வைத்ததும் விஷயத்தைச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினேன். பதிவெண்ணைப் பார்த்தார். பீரோவிலிருந்து பழைய பதிவேடு ஒன்று வந்தது. பக்கங்களைப் புரட்டியவர் முகம் மாறியது.

"சார், இது தொலைஞ்சுபோச்சே."

"இதோ இருக்கே மேடம்."

"இல்ல சார், தொலைஞ்சதா எழுதியாச்சு. ஆடிட்டும் முடிஞ்சாச்சு. இப்ப இது கிடைச்சா கணக்கு இடிக்கும்."

சிவப்பு மையில் அடித்த கோட்டைக் காட்டினார். கோடு நேராக, அழகாக இருந்தது. எடுத்தவர் யார் என்று கேட்டேன், அந்த ஏடு கரையானுக்குப் போய்விட்டதாம். வலது கண் என்ன ஆனதோ தெரியவில்லை.

"அப்போ நன்கொடையா வெச்சுக்குங்க."

"நன்கொடைக்குப் பட்டியல் போட்டு ரெண்டு நகல் தரணும். தேர்வுக் குழு பார்க்கணும். அது இருக்கட்டும், நூலக முத்திரை இருக்கிற புத்தகத்தை நன்கொடையா வாங்க முடியாது சார்."

"முத்திரை உங்களோடதுதானே மேடம்?"

"அதனாலதான் சொல்றேன்."

இதற்கு மேல் உள்ளூர் நியாயம் எடுபடாது என்று அமெரிக்காவுக்குப் போனேன். அங்கே முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1789-இல் நியூயார்க் நூலகம் ஒன்றில் எடுத்த புத்தகத்தைத் திருப்பித் தரவே இல்லை. 2010-இல் அவர் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் இல்லத்தைப் பராமரிக்கிறவர்கள் அதே பதிப்பின் வேறொரு பிரதியைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 221 ஆண்டுத் தாமதம். அபராதம்கூட வாங்காமல் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார்கள் என்று சொன்னேன்.

மேடம் பொறுமையாகக் கேட்டார். "அவர் மெம்பரா இருந்திருப்பார் சார். நீங்க இங்க மெம்பரா?"

மெம்பர்தான், ஆனால் சந்தா பாக்கி இருந்தது. அதை அங்கேயே கட்ட வைத்தார்கள்.

இதற்குள் உதவியாளர் ஒருவர் எட்டிப்பார்த்து, எல்லாருக்கும் சம்மதமான வழி ஒன்று சொன்னார். 'கழிக்கப்பட்டது' முத்திரையை இப்போது குத்திவிட்டால் புத்தகம் நூலகத்துக்குச் சொந்தமில்லை, நானே வைத்துக்கொள்ளலாம். மேடம் யோசித்து, சரி என்றார். முத்திரையைத் தேடினார்கள். மேசை இழுப்பறையில் 'அவசரம்' இருந்தது, 'உண்மை நகல்' இருந்தது, கைப்பிடி இல்லாத ஒன்று இருந்தது. கடைசியில் ஜன்னல் ஆடாமல் இருப்பதற்காகச் சொருகியிருந்த கட்டைதான் அந்த முத்திரை. ஸ்டாம்ப் பேடு காய்ந்து கிடந்தது. உதவியாளர் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து, எழுந்து நின்று, முழுப் பலத்தோடு ஒரு குத்துக் குத்தினார். தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டு ஒரு பக்கம் புரட்டிவிட்டு மறுபடி தூங்கினார். பார்த்தால் 'கழி' வரைக்கும்தான் விழுந்திருந்தது.

"போதும் சார், புரியும்" என்றார்.

பையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். காவலாளிப் பெரியவர் கையை நீட்டி நிறுத்தினார். புத்தகத்தை வாங்கி நேராக ரகசியப் பக்கத்துக்குத்தான் போனார். அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

"லைப்ரரி முத்திரை இருக்கே தம்பி. என்ட்ரி போட்டாச்சா?"

"இது என்னோடது ஐயா. கழிச்சுட்டாங்க, இங்க பாருங்க."

அவர் 'கழி'யை வெயிலில் பிடித்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். முத்திரையோடு எது வெளியே போனாலும் நோட்டில் ஏற வேண்டும் என்பது அவருக்கு வந்த உத்தரவு. அதை மீற அவருக்கும் அதிகாரமில்லை, அவரோடு வாதாட எனக்கும் தெம்பில்லை. பெயர், நேரம், புத்தகம், கையெழுத்து எல்லாம் போட்டேன். கடைசிக் கட்டத்தில் 'திருப்பித் தரும் தேதி' என்று இருந்தது. அதை விட்டுவிட்டுப் பேனாவை மூடினேன்.

"அதையும் போட்டுடுங்க தம்பி. காலியா இருந்தா மேல கேள்வி கேப்பாங்க."

அடுத்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை எழுதிக் கொடுத்தேன். பெரியவர் காலண்டரைப் பார்த்துவிட்டு, ஞாயிறு லீவு, திங்கள் போடுங்க என்றார்.