சிக்னல்ல நின்னா தீஞ்ச ஆயில் வாடை: டேப்பட் கவர் பேக்கிங் மாத்துன அனுபவம்

கடலூர்லேர்ந்து பாண்டிக்கு தெனம் வேலைக்கு கார்ல போய் வர்றேன். ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்னு 60ல ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, மரப்பாலம் சிக்னல்ல போய் நின்னேன்னா ஒரே நிமிஷத்துல ஏசி வழியா தீஞ்ச வாடை உள்ள வந்துரும். முதல்ல ரோட்டோர பஜ்ஜிக்கடை எண்ணெய் வாடைன்னு தான் நெனச்சேன், ஆனா காலைல எட்டு மணிக்கும் அதே வாடை வந்தப்ப தான் நம்ம வண்டின்னு புரிஞ்சுது.

வண்டி மூணு சிலிண்டர் பெட்ரோல், 92,000 கிமீ ஓடுனது, அப்பா ஆசையா வாங்குனது. முதல்ல காட்டுன இடத்துல பானட்டை தொறந்து பாக்காமலே என்ஜின் இறக்கணும், இல்லனா வித்துருங்கன்னு சொல்லிட்டாங்க. அது எனக்கு மனசுக்கு ஒப்பல. பிஸ்டன் ரிங்கு போயிருந்தா ஆயில் உள்ளயே எரிஞ்சு சைலன்சர்ல நீலப்புகை வரணும், காலைல ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் பின்னாடியே நின்னு பாத்தேன், சுத்தமா புகை இல்ல. ஆனா ஆயில் அளவு பாக்குற டிப்ஸ்டிக்ல 1,000 கிமீக்கு கால்வாசி எறங்குது, அப்ப ஆயில் வெளிய தான் எங்கயோ கசியுது.

இன்னொண்ணும் கவனிச்சேன். ஏசியை உள்காத்து சுத்துற மாதிரி மாத்துனா வாடை பாதியா கொறையுது, வெளிக்காத்து எடுக்கிற மாதிரி வச்சா அதிகமாவுது. வெளிக்காத்து வர்ற வழி முன் கண்ணாடிக்கு கீழ, பானட்டோட பின் ஓரத்துல இருக்கு. எங்க வண்டில என்ஜின் புகை வெளிய போற குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் அந்த பக்கம் தான். ஆயில் 200 டிகிரி தாண்டுனாலே புகைய ஆரம்பிக்கும், மேனிஃபோல்ட் அதை விட ரொம்ப சூடாவும், அதனால ரெண்டு சொட்டு விழுந்தா போதும். ஓடும்போது காத்து அடிச்சிட்டு போயிரும், நிக்கும்போது நேரா உள்ள வரும்.

ஞாயித்துக்கிழமை என்ஜின் நல்லா ஆறுனதும் பிரேக் கிளீனர் போட்டு டேப்பட் கவர், அதாவது ரப்பர் பேக்கிங் வச்சு என்ஜின் உச்சில மாட்டியிருக்கிற மூடி, அதை சுத்தி தொடச்சேன், இதை மட்டும் விட்டுறாதீங்க, அழுக்கு மேல அழுக்கு இருந்தா எது பழைய கசிவு எது புதுசுன்னு தெரியவே தெரியாது. காஞ்சதும் கொழந்தைக்கு போடுற பவுடரை கவர் ஓரம் முழுக்க தூவிட்டு கேப்பர் மலை வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன். டார்ச் அடிச்சு பாத்தா பின்பக்க மூலைல, என்ஜினோட பக்கவாட்டு மூடியான டைமிங் கவர் வந்து சேர்ற எடத்துல மட்டும் வெள்ளை பவுடர் காபிக்கலர்ல நனைஞ்சு, அதுலேர்ந்து ஒரே ஒரு கோடு மேனிஃபோல்டை மூடியிருக்கிற தகடான ஹீட் ஷீல்டை நோக்கி எறங்கியிருந்துச்சு. அதை பாத்ததும் எனக்கு அவ்ளோ நிம்மதி.

மஞ்சக்குப்பத்துல ஒரு வயசான மெக்கானிக் அண்ணன் கிட்ட போட்டோ காட்டுனேன். "பேக்கிங் மாத்து தம்பி, ஆனா பிசிவி வால்வை பாக்காம மாத்துனா திரும்ப கசியும்"னாரு. என்ஜினுக்குள்ள சேர்ற பிரஷரை எடுத்து விடுற சின்ன வால்வு தான் அது. என்ஜினை ஐடில்ல விட்டு ஆயில் மூடியை கழட்டி அந்த வாய் மேல ஒரு பேப்பர் வைக்க சொன்னாரு. நல்ல என்ஜின்னா லேசா உறிஞ்சணும். என்னுது பேப்பரை தூக்கி தூக்கி தள்ளுச்சு. வால்வு அடைச்சிருக்கு, உள்ள சேர்ற பிரஷர் போக வழி இல்லாம பேக்கிங்கை தள்ளிக்கிட்டு வருது, அதான் விஷயம்.

கவரை கழட்டுனப்ப பழைய பேக்கிங் ரப்பர் மாதிரியே இல்ல, வளைச்சா பிளாஸ்டிக் மாதிரி படக்குன்னு ஒடைஞ்சுது. கடல்காத்துக்கு ரெண்டு போல்ட் துருவேறி இருந்துச்சு, முந்துன நாள் ராத்திரியே துருவுக்கு ஸ்ப்ரே அடிச்சு வச்சது நல்லதா போச்சு. பேக்கிங் உக்கார்ற காடியை பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால சொரண்டுங்க, ஸ்க்ரூடிரைவர் வேணாம், அலுமினியம்ல கீறல் விழுந்தா அங்கேயே கசியும். டைமிங் கவர் சேர்ற ரெண்டு மூலைலயும் பட்டாணி அளவு சிலிக்கான் சீலன்ட், ஸ்பார்க் பிளக் குழி சீலும் புதுசு, பிசிவி வால்வும் புதுசு, வால்வுலேர்ந்து போற ஓஸ் குழாயையும் கழுவுனேன். போல்ட்டை நடுவுலேர்ந்து ஓரத்துக்கு ரெண்டு சுத்தா டைட் பண்ணேன், ஒரு போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் கிட்ட தான், வேகத்துல இறுக்குனா கவர் வளைஞ்சிரும். உங்க வண்டிக்கு எவ்ளோன்னு மேனுவல்ல பாத்துக்கங்க.

மறுநாளும் வாடை வந்துச்சு, பக்குன்னு ஆயிருச்சு. ஹீட் ஷீல்டுக்கு அடில ஊறியிருந்த பழைய ஆயில் தான் அது, எரிஞ்சு தீர மூணு நாள் எடுத்துச்சு.

இப்ப 1,100 கிமீ ஆச்சு. டிப்ஸ்டிக்ல ஒரு நூல் கூட எறங்கல, பேப்பர் ஆயில் வாய்ல ஒட்டிக்கிட்டு நிக்குது. நேத்து மரப்பாலத்துல வேணும்னே வெளிக்காத்துல வச்சு நின்னேன், பக்கத்து மீன்பாடி வண்டி வாடை மட்டும் தான் வந்துச்சு.