கேட்பாரற்ற நூல்களும் அறுபது ஆண்டுகளும்

பிப்ரவரி 4, கோட்டையூர்

பங்காளி வீட்டு இரண்டாங்கட்டுப் பெட்டியில், 1936-இல் காரைக்குடியில் அச்சான ஒரு கும்மிப் பாட்டுப் புத்தகம் கிடைத்தது. மறுபதிப்புச் செய்யலாமே என்றார் அண்ணன். ஆசிரியர் 1968-இல் காலமானவர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், ஆசிரியர் மறைந்த மறு ஆண்டிலிருந்து அறுபது ஆண்டுகள் கணக்கிடுவதால், 2028 முடியும்வரை உரிமை வாரிசுகளுடையது. அவர்கள் பினாங்கிலும் சென்னையிலுமாகச் சிதறிவிட்டார்கள். இங்குள்ள பெரிய வீடுகளின் நிலைதான் இதற்கும்: பங்கு எல்லோருக்கும் உண்டு, கையெழுத்திடத்தான் ஆள் இல்லை.

பிப்ரவரி 9

முன்பு இந்த உரிமைக்காலம் ஐம்பது ஆண்டுகளாகவே இருந்தது. 1941-இல் மறைந்த தாகூரின் எழுத்துகளுக்கு 1991 இறுதியில் உரிமை முடியவிருந்த நிலையில், 1992-இல் சட்டம் திருத்தப்பட்டு அறுபதாயிற்று. ஒரு மகாகவியை முன்னிட்டு நீட்டிய பத்தாண்டு, விற்பனையே இல்லாத நம் கும்மிப் புத்தகத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டது. பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை கேட்பது ஐம்பது ஆண்டுகளைத்தான். ஆகவே கடைசிப் பத்தாண்டு, வேண்டுமென்று பதிவு செய்துகொள்ளும் வாரிசுகளுக்கு மட்டும் என்று வைத்தால், உடன்படிக்கையை மீறியதாகாது என்றே கருதுகிறேன்.

பிப்ரவரி 10

“எழுதியவன் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?” என்று அண்ணன் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எழுதுகிறவருக்கு வலுச் சேர்த்தது கால நீட்டிப்பு அன்று. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் திரையரங்குக்கு வெளியே தம் பாடல் பயன்படும்போது பெறவேண்டிய பங்கைப் பிறருக்கு எழுதிக்கொடுத்துவிட முடியாதபடி செய்த 2012-ஆம் ஆண்டுத் திருத்தமே அதைச் செய்தது. அப்படிப்பட்ட பாதுகாப்பு இன்னும் கூடினாலும் எனக்குச் சம்மதமே.

பிப்ரவரி 16

உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத நூலை வெளியிடச் சட்டத்தின் 31அ பிரிவு வழி தருகிறது. வழி இருக்கிறதே தவிர, நடக்க முடியவில்லை. தமிழ் நூலாயினும், நாட்டின் பெரும்பகுதியில் விற்பனையாகும் ஆங்கில நாளிதழொன்றில் முதலில் அறிவிப்பு வெளியிட வேண்டும். அனுமதி வழங்கும் அதிகாரம் பெற்றிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021-இல் கலைக்கப்பட்டதால், அறிவிப்புக்குப் பின் நீதிமன்றப் படியேற வேண்டும். அறுபத்துநான்கு பக்கக் கும்மிக்கு இவ்வளவு செலவழிக்க எந்தப் பதிப்பகம் முன்வரும்? தமிழக அரசின் நாட்டுடைமைத் திட்டமும் பேர்பெற்ற எழுத்தாளர்களுக்கே பொருந்துகிறது.

அப்பிரிவில் ஒன்று மட்டும் நல்ல ஏற்பாடு: பதிப்பாளர் உரிமைத்தொகையை அரசுக் கணக்கில் கட்டிவிட்டால், வாரிசுகள் பின்னர் வந்து கோரிப் பெறலாம். அதை அப்படியே வைத்துக்கொண்டு, தமிழ் நூலுக்குத் தமிழ் நாளிதழ் அறிவிப்பே போதும் என்றும், அனுமதியை நீதிமன்றத்துக்குப் பதிலாகப் பதிப்புரிமைப் பதிவாளரே வழங்கலாம் என்றும் திருத்தக் கோரி மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.