நேர்த்தி வைத்தவனும் எண்ணெய்க் கணக்கும்

டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றியிருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை சொல்லி டைஸ் உருட்டும் ஆட்டம். எங்கள் மேசையில் அதை நடத்துவது நான். ஒரு காட்சி மூன்றாவது தடவைதான் சரிவந்தது. வார்லொக் என்பவன் பேட்ரன் என்ற அமானுஷ்ய சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவன். அவனிடம் அந்தப் பேட்ரன் கடனைக் கேட்கும் காட்சியை முதல் இரண்டு தடவையும் நானே கெடுத்தேன்.

முதல் தடவை சண்டைக்கு நடுவில் பேட்ரன் தோன்றி, "உன் தோழனின் வாளைத் தா" என்றது. வார்லொக்காக ஆடும் மச்சான் "தரமாட்டன்" என்றுவிட்டு ரீயைக் குடித்தான். நான் முழித்தேன். டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸின் 2014 விதிநூலில், வார்லொக் சொல் மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தனி விதி கிடையாது. அடுத்த தடவை ஸ்பெல் ஸ்லொட், அதாவது மந்திரம் போடும் வாய்ப்பு, இரண்டையும் பறித்தேன். அவனிடம் இருப்பதே இரண்டுதான். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தான், நியாயம்தான்.

வழி காட்டியது அம்மா, தெரியாமலே. தங்கச்சிக்குக் காய்ச்சல் விடாதபோது, "சந்நிதியானுக்கு வைச்ச நேர்த்தியை மறந்துபோனம்" என்று புலம்பினா. முருகன் வந்து கேட்கவேயில்லை! வைத்தவருக்கே உறுத்தியது.

அதையே மேசைக்குக் கொண்டுவந்தேன். கதையில் நீரேரியில் படகு கவிழும்போது, "என்ன நேர்த்தி வைக்கிறாய்?" என்று மட்டும் கேட்டேன். "கரையில ஏழு இரவு விடிய விடிய விளக்கு எரிப்பன்" என்றான். அவன் கையாலேயே அட்டையில் எழுத வைத்தேன். அட்டையின் பின்பக்கம் ஆறு துண்டு வட்டம், பிளேட்ஸ் இன் த டார்க் என்ற இன்னொரு மேசை ஆட்டத்தில் துண்டு துண்டாக நிரப்பும் கடிகாரம் மாதிரி. பாத்திரங்கள் எடுக்கும் ஒவ்வொரு நீண்ட ஓய்வுக்கும் ஒரு துண்டு கறுக்கும், கூடவே ஓர் அறிகுறி.

இந்த அறிகுறிகளோடுதான் இரண்டு கிழமை மல்லுக்கட்டினேன். படுக்கையருகே ஈரக் கால்தடம். குடிதண்ணீரில் உப்பு. செருப்புக்குள் நண்டு. சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட வேண்டும். விளக்கம் கொடுத்தால் செத்தது. நான்காவது துண்டில் தங்கச்சிதான் கேட்டாள்: "அண்ணை, விளக்கு எரிச்சனீங்களோ?" மச்சான் அட்டையைத் திருப்பிப் பார்த்த முகத்தைப் படம் எடுக்காமல் விட்டது என் பிழை.

விதிநூல் விலைப்படி விளக்கு 5 வெள்ளி, எண்ணெய்க் குப்பி 1 வெள்ளி. மடியில் 300 பொன்னோடு திரிகிறவனுக்கு அது தூசு. ஆனால் துரத்தும் படை ஒரு நாள் தூரத்தில் இருக்க, ஏழு இரவு ஒரே கரையில் நிற்க வேண்டுமே. அங்கேதான் மேசை அடங்கியது. இனி என் ஆட்டத்தில் எந்தத் தெய்வமும் பொருள் கேட்காது, நாள்தான் கேட்கும்.

இடையில் ஒரு புலம்பல். கொழும்பிலிருந்து கூரியரில் எடுத்த புது டைஸ் செட்டை எடை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று ஆனையிறவு உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்தேன். இருபது முக டைஸ் எத்தனை தரம் சுண்டினாலும் 4ஐயே மேலே காட்டுகிறது. கடைக்காரர் மாற்றித் தரமாட்டாராம். அதை இப்போது அரக்கர்களுக்கு மட்டும் உருட்டுகிறேன்.

அடுத்தது தங்கச்சியின் கிளெரிக், தெய்வத்திடம் சக்தி பெறும் பூசாரிப் பாத்திரம். அவள் ஏற்கெனவே காவடி நேர்ந்துவிட்டாள், தூக்குக்காவடியா என்று இன்னும் சொல்லவில்லை. அதற்கு எட்டுத் துண்டு வட்டம் வெட்டி வைத்திருக்கிறேன், கேக் பெட்டி அட்டையில்.

இப்போதைக்குக் கரையில் மூன்று இரவு முடிந்திருக்கிறது. ஒரு குப்பி ஆறு மணித்தியாலம் எரியும், இரவுக்கு இரண்டு வேண்டும். மச்சான் வாங்கியது பத்து. இன்னும் கணக்குப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.