குவாண்டம் புலக் கோட்பாடு: எந்தப் புத்தகத்தோடு உட்காருவது?

எம்.எஸ்சி. முடித்த கோடையில், துகள்களைப் புலங்களின் அதிர்வுகளாகப் பார்க்கும் குவாண்டம் புலக் கோட்பாட்டை ஆசிரியர் துணையின்றிப் படிக்கத் தொடங்கினேன். மேசையில் நான்கு புத்தகங்கள். ஒன்று கடினமானால் அடுத்ததற்குத் தாவுவேன். மூன்று மாதங்கள் கழிந்தன. பாடத்தின் தொடக்கப் படியான கிளைன்–கோர்டன் புலத்தை நான்கு முறை படித்திருந்தேன், துகள்கள் மோதிப் பிரியும் ஒரு சிதறல் கணக்கைக்கூட முழுதாகப் போட்டிருக்கவில்லை.

இந்தப் பாடத்தில் புத்தகம் மாறினால் குறியீடும் மாறும். பெஸ்கின்–ஷ்ரோடர் (1995) நூலில் துகளின் ஆற்றலையும் உந்தத்தையும் சேர்த்த நான்கு-உந்தத்தை வர்க்கமாக்கினால் நிறையின் வர்க்கம் வரும். ஷ்ரெட்னிக்கி (2007) நூலில் அதற்கு முன்னால் கழித்தல் குறி நிற்கும். இரண்டையும் கலந்து போட்ட கணக்கில் பிழை எங்கே நுழைந்தது என்று தேடியே நாட்கள் போயின.

அதன் பிறகு ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு, துகள்களின் இடைவினைகளைப் படமாக வரைந்து கணக்கிட உதவும் ஃபெய்ன்மன் வரைபடங்கள் பிறக்கும் இடத்தை ஒவ்வொரு நூலிலும் திறந்தேன். பேனாவோடு மூன்று பக்கம். ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு அரை மணி நேரத்துக்குள் நானே போக முடிந்தால் அதுதான் எனக்கான புத்தகம்.

எனக்கு அது ஷ்ரெட்னிக்கி. அத்தியாயங்கள் சிறியவை, எதைப் படித்துவிட்டு வர வேண்டும் என்று ஒவ்வொன்றின் தலையிலும் குறித்திருக்கிறார். ஆசிரியரின் இணையப் பக்கத்தில் வரைவுப் பிரதி இலவசமாகவே கிடைக்கிறது. தற்சுழற்சி (spin) இல்லாத புலத்தை வைத்தே, கணக்கில் எழும் முடிவிலிகளைக் கையாளும் மறுஇயல்பாக்கம் வரை கொண்டுபோய்விடுகிறார். எலக்ட்ரான் போன்ற தற்சுழற்சியுள்ள துகள்களுக்கான டிராக் அணிகள் பிறகுதான் வருகின்றன. தனியாகப் படிப்பவருக்கு இந்த வரிசை பெரிய துணை. துகள் இயற்பியல் ஆய்வுக்குப் போகிறவர், கேட்க ஓர் ஆசிரியரும் இருந்தால், பெஸ்கினையே எடுக்கலாம். அது கடினமாகப் பட்டால் டேவிட் டாங்கின் கேம்பிரிட்ஜ் விரிவுரைக் குறிப்புகளை முன்னால் படிக்கலாம். லாஹிரி–பால் எழுதிய சிறிய நூலும் தொடக்கத்துக்கு நல்லது. ஸீயின் நூல் கருத்துகளுக்கு இனிமையானது, ஆனால் அதை மட்டும் படித்தால் கணக்கில் கை பழகாது. வைன்பெர்க்கின் நூலை இரண்டாம் சுற்றுக்கு வையுங்கள்.

புலக் கணக்குகளுக்கு அடிப்படையான குவாண்டம் அலையியற்றியில், ஆற்றல் நிலைகளில் ஏறி இறங்க உதவும் ஏணிச் செயலிகளில் தடுமாற்றம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். அங்கே இரண்டு வாரம் செலவழித்தாலும் நட்டமில்லை.

ஷ்ரெட்னிக்கியின் முதல் பகுதியில் 32 அத்தியாயங்கள். ஆறு பரிமாணங்களில் ஓர் எளிய மாதிரிதான் அங்கே முக்கிய உதாரணம். அதில் ஆற்றல் கூடக்கூட இடைவினையின் வலிமை குறைகிறது என்பதை ஓரிரவு என் நோட்டில் நானே வருவித்தேன். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளைப் பிணைக்கும் வல்விசையில் 1973இல் கண்டறியப்பட்டதும் இதே இயல்புதான் என்று அறிந்திருந்ததால் அன்று தூக்கம் வரவில்லை.