பேரலில் எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறு

போன அக்டோபரில், இங்கே பென்சில்வேனியாவில் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் பழைய ரெமிங்டன் 722 ரைஃபிள் ஒன்று கண்ணில் பட்டது. மான் சீசனுக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. 1948-இல் வந்த மாடல், நியூயார்க் மாநிலத்து இலியனில் செய்தது (அந்தத் தொழிற்சாலையை 2024-இல் மூடிவிட்டார்கள்), கட்டையில் ஒரு கீறல் கூட இல்லை. விலை அட்டையில் ‘.257 ராபர்ட்ஸ் இம்ப்ரூவ்டு’ (ராபர்ட்ஸ் தோட்டாவின் திருத்திய வகை) என்று பேனாவால் எழுதியிருந்தது. பேரலை (குழலை) திருப்பிப் பார்த்தால் கம்பெனி பொறித்த ‘.257 ராபர்ட்ஸ்’ மட்டும்தான்.

எனக்கு அங்கேயே உறுத்தியது. சேம்பரை, அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியை, வேறு தோட்டாவுக்கு மாற்றி வெட்டியவர் செய்ய வேண்டிய கடைசி வேலை, புதுப் பெயரைப் பேரலில் பொறிப்பது. அஞ்சு நிமிஷ வேலை. அதையே விட்டவர் வேறு எதையெல்லாம் விட்டாரோ?

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பி.ஓ. அக்லி என்ற அமெரிக்கத் துப்பாக்கித் தச்சர் பிரபலமாக்கிய முறைதான் ‘இம்ப்ரூவ்டு’. தோட்டாவின் உடம்பை அகலமாக்கி, தோளை, அதாவது உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவை, 40 டிகிரிக்கு நிமிர்த்திவிடுவார்; கூடுதல் வெடிமருந்து பிடிக்கும். அதே துப்பாக்கியில் சாதாரண ராபர்ட்ஸ் தோட்டாவையும் போட்டுச் சுடலாம், சுட்டதும் பித்தளைக் கூடு புதுச் சேம்பரின் வடிவத்துக்கு ஊதிக்கொள்ளும். ஆனால் சாதாரண தோட்டாவின் தோள் இந்தச் சேம்பரில் எதன் மேலும் உட்காராது. கழுத்தும் தோளும் சேரும் அந்த மெல்லிய வளையம்தான் அதைத் தாங்க வேண்டும். அதனால் சேம்பர் பழையதைவிட 4 தௌ, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு, குட்டையாக இருக்க வேண்டும். சேம்பரின் பின்வாயை அடைக்கும் போல்ட்டை மூடும்போது, அது தோட்டாவைக் கொஞ்சம் நெருக்கிப் பிடிக்க வேண்டும்.

ஏற்கெனவே வெட்டிய சேம்பரை ரீமரால் (துளையைக் குடையும் வெட்டுக்கருவி) பெரிதாக்கலாம், குட்டையாக்க முடியாது. பேரலைக் கழற்றி, பின்பக்கம் ஒரு மரை (திருகுச் சுற்று) அளவுக்குக் கடைந்து, மறுபடி முடுக்கி, அப்புறம்தான் ரீமரை விட வேண்டும். 4 தௌ போதுமே, ஏன் ஒரு முழு மரை என்றால், அப்போதுதான் பொறித்த எழுத்தும் குறி பார்க்கும் சைட்டும் பழைய இடத்துக்கே சுற்றி வரும். இதற்கு லேத் வேண்டும், நேரம் வேண்டும். சோம்பேறி என்ன செய்வான்? பேரலைக் கழற்றாமலே ரீமரை உள்ளே விட்டு நாலு சுற்றுச் சுற்றி, ‘இம்ப்ரூவ்டு’ என்று கையில் கொடுத்துவிடுவான். அந்தச் சேம்பரில் தோட்டாவுக்கு முன்னும் பின்னும் நகர இடம் மிஞ்சும் (ஹெட்ஸ்பேஸ் அதிகம் என்பது இதைத்தான்), சுடும்போது கூடு நீளவாக்கில் இழுபடும்.

கடைக்காரரிடம் சுட்ட கூடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பழைய சொந்தக்காரர் விட்டுப்போனது என்று ஒரு பிளாஸ்டிக் டப்பா எடுத்து வைத்தார். உள்ளே பதினாலு கூடுகள். ரீசேம்பர் செய்த துப்பாக்கி எதுவானாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான், பேரல் மறைப்பதைக் கூடு சொல்லிவிடும். அடியிலிருந்து எட்டு மில்லிமீட்டர் மேலே ஒரு பளிச்சென்ற வளையம், பதினாலில் ஒன்பதில் இருந்தது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை லேசாக வளைத்து, கூட்டுக்குள் விட்டு சுவரோடு மேலே இழுத்தேன். வளையம் இருந்த இடத்தில் நுனி ‘டக்’ என்று ஒரு பள்ளத்தில் இறங்கியது. பித்தளை அங்கே இழுபட்டு மெலிந்திருக்கிறது. இன்னும் ஒன்றிரண்டு முறை சுட்டால் கூடு இரண்டாக அறும், சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேலான அழுத்தத்தில் இருக்கும் வாயு முகத்தைப் பார்த்து வரும்.

ஆனால் கூடு இந்தத் துப்பாக்கியில்தான் சுட்டது என்று யார் கண்டது? அதனால் கேஜ், சேம்பரின் நீளத்தைச் சோதிக்கும் அளவுக்கட்டை. நான் கோயம்புத்தூரில் மூன்று வருஷம் லேத் பட்டறையில் இருந்தவன். கோ (பொருந்த வேண்டியது), நோ-கோ (பொருந்தக் கூடாதது) கேஜ் என்றால் கை தானாக நீளும். சாதாரண ராபர்ட்ஸின் கோ கேஜைப் பையிலேயே கொண்டுபோயிருந்தேன். இந்த வகைச் சேம்பரில் விஷயம் தலைகீழ்: பழைய தோட்டாவுக்குக் கோவாக இருப்பதுதான் இதற்கு நோ-கோ. அதன் மேல் போல்ட் மூடக் கூடாது. சேம்பர் காலி என்று இருவரும் பார்த்துக்கொண்ட பிறகு தோட்டாவின் அடியில் குத்தும் ஸ்ட்ரைக்கரைக் கழற்றினேன். கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டரையும் எடுக்க வேண்டும் என்றதும் அவர் முகம் சுளித்தார். ஆனால் 722-இல் எஜெக்டர் ஸ்பிரிங் வைத்த குச்சி, அது கேஜைத் தள்ளிக்கொண்டே இருந்தால் விரலுக்கு எதுவும் தெரியாது. கடைசியில் அவரே பின்னைத் தட்டி எடுத்துக் கொடுத்தார். கேஜை வைத்து போல்ட் கைப்பிடியை ஒற்றை விரலால் விட்டேன். அதன் கனத்திலேயே கீழே விழுந்து மூடிக்கொண்டது.

அதற்கு மேல் பார்க்கத் தேவையில்லை, ஆனாலும் வந்ததற்கு போனில் மாட்டும் சின்ன போர்ஸ்கோப்பை (குழலுக்குள் பார்க்கும் கேமரா) விட்டுப் பார்த்தேன். தோளில் சேட்டர் மார்க், ரீமர் அதிர்ந்த தடம், வரிவரியாக. ரைஃப்லிங் (குழலுக்குள் ஓடும் சுருள் வரிகள்) ஒரு பக்கம் சீக்கிரமாகவும் எதிர்ப்பக்கம் தள்ளியும் ஆரம்பிக்கிறது, ரீமர் கோணலாகப் போயிருக்கிறது. அதைத் தாண்டி பேரலும் வாயும் சுத்தம், வீக்கமோ கறுப்பு வளையமோ கிடையாது. அதுதான் வயிற்றெரிச்சல். விலை குறைந்திருந்தால் வாங்கி, நல்ல கைக்குக் கொடுத்து ஒரு மரை கடைந்து, செரோசேஃப் என்ற உலோகத்தை உருக்கி ஊற்றி சேம்பரின் அச்சு எடுத்து அளந்திருப்பேன். அந்த உலோகத்தை வார்த்து சரியாக ஒரு மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். முதலில் சுருங்கும், அப்புறம் வீங்கும், அந்த ஒரு மணி நேரத்தில்தான் சேம்பரின் அளவைக் காட்டும்.

கடைக்காரர் ஒரு டாலர் கூட இறங்கவில்லை. “சார், நாற்பது வருஷமா இதிலே மான் சுட்டிருக்காங்க” என்றார். சரி, விற்காவிட்டாலும் பரவாயில்லை, ஹெட்ஸ்பேஸ் அதிகம், சரி செய்யாமல் சுடக் கூடாது என்று அட்டையிலாவது எழுதி வையுங்கள் என்றேன். தலையாட்டினார்.

மனசு கேட்காமல் இரண்டு வாரம் கழித்து போன் செய்தேன். அது போன சனிக்கிழமையே போய்விட்டது என்றார். அட்டையில் எழுதினீர்களா என்று கேட்டேன்.

“எந்த அட்டை?” என்றார்.