நின்றபடி தூண்டில் வீச ஒரு கயாக்: பார்த்து, ஏறி நின்று, தேர்ந்தெடுத்த முறை

குறுகிய சிறு துடுப்புப் படகான கயாக்கில் எழுந்து நின்றால் தண்ணீருக்குள் இருப்பது நன்றாகத் தெரியும். கண் மட்டம் உயர்வதால் மேற்பரப்பின் கண்கூச்சம் குறையும். பாறை, பாசித்திட்டு, மீன் ஓடும் நிழல் எல்லாம் பிடிபடும். வீச்சும் நீளும். இதற்காகவே ‘நின்று மீன் பிடிக்கலாம்’ என்று சொல்லி விற்கப்படும் படகுகள் ஏராளம். ஆனால் 60 கிலோ ஆளுக்கு அசையாமல் இருக்கும் படகு 95 கிலோ ஆளின் காலடியில் நடுங்கும். பலவகைப் படகுகளை அளந்து, மிதக்கவிட்டு, ஏறி நின்று பார்த்து நாங்கள் வந்து சேர்ந்த முறை இது. சுருக்கமாகச் சொன்னால், விவரப்பட்டியல் படகுகளைக் கழித்துக்கட்ட உதவும். முடிவெடுக்க உங்கள் உடல் எடையும் உங்கள் சாமானும் தண்ணீரில் அந்தப் படகின் மேல் இருந்தாக வேண்டும்.

முதலில் எல்லோரும் கேட்பது அகலம். கேட்க வேண்டியதுதான். ஆனால் பட்டியலில் போட்டிருப்பது படகின் மிக அகலமான இடத்தின் அளவு. அது பெரும்பாலும் மேல்விளிம்பு. நிலைத்து நிற்பதைத் தீர்மானிப்பதோ தண்ணீர் தொடும் கோட்டில் உள்ள அகலம். மேலே 36 அங்குலம் விரிந்து, கீழே உள்வாங்கும் படகு நீர்க்கோட்டில் 32 அங்குலமே இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: ஆள் உட்கார்ந்த நிலையில், தண்ணீர் நிற்கும் உயரத்தில் இருபக்கமும் ஒட்டுநாடாவால் அடையாளம் வைத்து, கரையேற்றிய பின் அந்த இரு அடையாளங்களுக்கு இடையே அளந்துவிடலாம்.

இந்த அளவுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சாயும் படகை நிமிர்த்தும் வலு, நீர்க்கோட்டு அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. நீளமும் மொத்த எடையும் மாறாமல் அகலம் மட்டும் 30 அங்குலத்திலிருந்து 36 ஆனால், கூடுவது 20 சதவீதம்தான். ஆனால் அந்த அகலம் தரும் பிடிமானம் ஏறத்தாழ 73 சதவீதம் கூடுகிறது. அதே 20 சதவீதத்தை நீளத்தில் கூட்டினால் கிடைப்பது வெறும் 20 சதவீதம். அதனால் ‘நீளமான படகு, ஆடாது’ என்று யாராவது சொன்னால் அதை மட்டும் நம்பி வாங்கிவிட வேண்டாம்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது எடைமையத்தின் உயரம். நிற்பவரின் எடைமையம் தொப்புளை ஒட்டி, மொத்த உயரத்தில் சுமார் 55 சதவீதத்தில் இருக்கும். 170 செ.மீ. உயரமுள்ளவருக்குப் பாதத்திலிருந்து 93 செ.மீ. தாழ்ந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது அது தளத்திலிருந்து அதில் பாதி உயரத்துக்கும் கீழேதான். எழுந்த நொடியில் படகின் மேல் உள்ள மிகப் பெரிய எடை அரை மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. உட்கார்ந்தபோது பாறை போலிருந்த படகு எழுந்ததும் தள்ளாடுவது இதனால்தான். உயரமானவர்கள் அகலத்தில் இன்னும் ஓர் அங்குலம் இரண்டு அங்குலம் கூடுதலாகப் பார்ப்பது நல்லது.

பட்டியல் அகலத்தை வைத்து எங்கள் கணக்கு இப்படி: 30 அங்குலம் (76 செ.மீ.), அதற்குக் கீழ் என்றால் நிற்கும் எண்ணத்தையே விட்டுவிடலாம். 33, 34 அங்குலம் எடை குறைவானவருக்கு, சலனமில்லாத நீரில், நல்ல சமநிலை உள்ளவருக்குச் சரி. 35 முதல் 38 வரை (89–97 செ.மீ.) பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதற்கு மேல் போனால் தாராளமாக நிற்கலாம். ஆனால் துடுப்பு போட்டால் நகர மாட்டேன் என்று அடம்பிடிக்கும், கரையேற்றவும் இன்னொரு ஆள் வேண்டும். ஹோபி புரோ ஆங்லர் 14 என்ற மிதியியக்கக் கயாக் 38 அங்குலம், நூகனூ ஃபிரண்டியர் 12 என்பது 41 அங்குலம். போனஃபைடு எஸ்எஸ்127 ஏறத்தாழ 34 அங்குலம்தான். ஆனாலும் நிற்பதற்கென்றே செய்யப்பட்டது. அதை நிற்க வைப்பது அதன் அடிப்பக்கத்தின் வடிவம்.

ஆகவே படகைக் கவிழ்த்துப் போட்டு அடியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒரு நேரான சட்டத்தைக் குறுக்கே வைத்தால் வடிவம் உடனே தெரியும். தட்டையான அடி எழுந்து நின்ற முதல் நொடியிலேயே உறுதி தரும். ஆனால் ஓர் எல்லையைத் தாண்டிச் சாய்ந்தால் முன்னறிவிப்பின்றிக் கவிழும். பக்கவாட்டு அலையில் அது அலையின் சரிவோடு சேர்ந்தே சாயும். உருண்டையான அடியோ தொடக்கத்திலேயே ஆடும். சாயச் சாய இறுகும். பழகியவர்களுக்கு அது பிடிக்கும், நின்று வீசுவதற்கு உதவாது. நின்று பிடிப்பவர்களுக்கு மிகவும் ஏற்றது, நடுவில் வாய்க்கால் போலக் குழிந்து இருபுறமும் இரண்டு மிதவைகள் போலப் புடைத்த இரட்டை அடி. மிதப்பின் பெரும்பகுதி ஓரங்களுக்குத் தள்ளப்படுவதால், 34 அங்குலத்திலேயே அதைவிட அகலமான சாதாரணப் படகின் உறுதி கிடைக்கிறது. வாய்க்கால் முன்முனைவரை ஓடுகிறதா, நடுவில் மட்டும் பெயருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பின்னதில் பயன் குறைவு.

அடுத்தது தாங்குதிறன். பட்டியலில் போடும் எடை, படகு மூழ்காமல் மிதக்கும் எல்லைக்கு நெருக்கமானது. நின்று பிடிக்க அதில் 70 சதவீதத்தைத் தாண்டாமல் ஏற்றுவது எங்கள் வழக்கம். கணக்குப் போடும்போது ஆளின் எடையோடு நிறுத்திவிடுகிறார்கள். 80 கிலோ ஆள், உடையும் லைஃப் ஜாக்கெட்டும் 4, பேட்டரி 12, மோட்டார் 9, பெட்டியும் தூண்டில் ராடுகளும் 10, தண்ணீர் 3, நங்கூரமும் கயிறும் 2 என்று கூட்டினால் 120 கிலோ. 70 சதவீதக் கணக்கில் இவருக்குக் குறைந்தது 172 கிலோ தாங்கும் படகு வேண்டும். பிடிக்கும் மீனுக்கும் இடம் விட்டால் 180.

மிகுதியாக ஏற்றினால் என்ன ஆகும்? மேல் திறந்த கயாக்குகளில் தளத்துத் தண்ணீர் வடிய ஸ்கப்பர் துளைகள் உண்டு. தளம் நீர்மட்டத்துக்குக் கீழே அமுங்கினால் அதே துளைகள் வழியே தண்ணீர் மேலேறும். அடைப்பான் போட்டால் கீழிருந்து வருவது நிற்கும். அலையில் மேலே விழுந்தது வடியாது. தளத்தில் தேங்கிய தண்ணீர், தட்டில் ஊற்றிய தண்ணீரைப் போல, சாயும் பக்கத்துக்கே ஓடி அந்தச் சாய்வை இன்னும் கூட்டும். படகின் உட்கூட்டில் கசிந்து சேரும் தண்ணீரும் இதையேதான் செய்கிறது, அதுவும் கண்ணில் படாமல். வடிகால் திருகின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கிறதா, தளத்தில் திருகாணி போட்ட இடங்கள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்வது அதனால்தான். பழைய படகு வாங்குவோர் இதை விடவே கூடாது: அரை மணி நேரம் மிதக்கவிட்டு, கரையேற்றி, திருகைக் கழற்றி எவ்வளவு வடிகிறது என்று பாருங்கள்.

தளத்தில் நிற்கும் இடம் சமதளமாக இருக்க வேண்டும். தோளகலத்துக்குக் கால் விரித்தால் இரு பாதமும் முழுதாகப் பதிய வேண்டும். சுமார் 45 செ.மீ. அகலம், இருக்கைக்கு முன் 90 செ.மீ. நீளம் தடையில்லாமல் வேண்டும். கால்குழிகளோடு வரும் தளத்தில் பாதம் உட்பக்கமாகத் திரும்பி நிற்கும், பத்து நிமிடத்தில் கணுக்கால் வலிக்கும். கால் வைத்ததும் தளம் அமுங்கி மீள்கிறதா என்றும் கவனியுங்கள். பாலிஎத்திலீன் பிளாஸ்டிக் தளத்துக்கு அடியில் தாங்கும் தூண்களோ விலாக்களோ இல்லாவிட்டால் அப்படி அமுங்கும். உண்மையில் படகு ஆடாவிட்டாலும் கால் ஆடுவதாகவே உணரும். ஈ.வி.ஏ. என்ற மென்மையான நுரைவிரிப்பு பின்னாலும் ஒட்டிக்கொள்ளலாம், அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இருக்கை உயர்த்தித் தாழ்த்தும் சட்ட வகையாக இருந்தால் நல்லது. தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதுதான் மொத்த வேலையிலும் தடுமாற்றமான பகுதி. முழங்காலை விடச் சற்றுத் தாழ்ந்த உயரத்திலிருந்து எழுந்தால் உடல் முன்னோக்கி மட்டும் நகரும், பக்கவாட்டில் உதறாது. முன்தளத்தின் நடுக்கோட்டில் கட்டிய ஒரு பட்டை நாடாவும் வேண்டும். அதைப் பிடித்து இழுத்தபடி எழுவது பக்க விளிம்புகளை ஊன்றி எழுவதைவிடப் பாதுகாப்பானது. ஒருபக்க விளிம்பில் கை ஊன்றினால் அந்தப் பக்கம்தான் படகு சாயும்.

இத்தனையும் பார்த்தபின் தண்ணீர். இடுப்பளவு ஆழம், அடியில் கல்லில்லாத இடம், லைஃப் ஜாக்கெட், கரையில் ஒரு துணை. ராடு, கொக்கி எதுவும் படகில் வேண்டாம். உங்கள் சாமானின் எடைக்கு ஈடாகத் தண்ணீர் கேன்களை அவை இருக்கும் இடத்திலேயே கட்டி வையுங்கள். வெறும் படகில் செய்யும் சோதனை பாதிச் சோதனை. முதலில் உட்கார்ந்தபடி இடுப்பை இருபுறமும் ஆட்டி, விளிம்பு தண்ணீரை நெருங்கும்வரை சாய்த்துப் பாருங்கள். எந்த இடத்தில் படகு எதிர்த்துத் தள்ளுகிறது, எங்கே தளர்கிறது என்று உடலுக்குத் தெரிந்துவிடும். பிறகு இரு கால்களையும் ஒரே பக்கம் தண்ணீரில் தொங்கவிட்டு உட்காருங்கள். இதற்கே பயம் வந்தால் அந்தப் படகில் நிற்க வேண்டாம். அடுத்து மண்டியிட்டு, அதன்பின் நாடாவைப் பிடித்து எழுந்து, முழங்காலைச் சற்றே மடக்கி, பார்வையைக் காலடியில் வைக்காமல் தொலைவில் வையுங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றுங்கள். ஒரு காலைத் தூக்குங்கள். உடலைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். வெறுங்கையால் வீசுவதுபோல் செய்யுங்கள். இதில் எதைச் செய்யும்போதும் தொடை தொடர்ந்து இறுகியே இருந்தால், மணிக்கணக்கில் அந்தப் படகில் நின்று மீன் பிடிக்க முடியாது.

அப்போதே துணைக்கு நிற்பவரிடம் பக்கவாட்டிலிருந்து படகைப் பார்க்கச் சொல்லுங்கள். படகு முன்பின் சமமாக மிதக்க வேண்டும். பேட்டரி, மோட்டார், பெட்டி மூன்றும் பின்னால் குவிந்தால் முன்முனை தூக்கும். தண்ணீரைத் தொடும் நீளம் குறையும், உறுதியும் குறையும். நல்ல படகைக் குறை சொல்லி விற்றுவிடும் பலருக்கு உண்மையில் இருந்தது இந்தச் சிக்கல்தான். பேட்டரியை முன்னறைக்கு மாற்றினாலே பாதி சரியாகிவிடும்.

படகின் இருபுறமும் நீட்டிப் பொருத்தும் பக்க மிதவை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 32, 33 அங்குலப் படகு ஏற்கெனவே கையில் இருந்தால் அது நியாயமான வழி. இருக்கைக்குப் பின்னால் பொருத்தி, படகு நேராக இருக்கும்போது மிதவை தண்ணீருக்கு மேல் 2 முதல் 5 செ.மீ. இருக்குமாறு வைக்க வேண்டும். தண்ணீரில் முக்கி வைத்தால் இழுவை கூடும். ஆனால் புதிதாக வாங்குவோர் குறுகிய படகும் மிதவையும் சேர்த்து வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மீன் சுற்றி ஓடும்போது தூண்டில் நரம்பு அதில் சிக்கும். துடுப்பு வீச்சையும் மறிக்கும்.

விழுவது எப்போது என்றால், பெரும்பாலும் மீனோடு போராடும்போது அல்ல. பாறையில் மாட்டிய லூரை (செயற்கை இரையை)ப் பலமாக இழுத்து, அது திடீரென்று விடுபடும்போது ஆள் பின்னால் சாய்கிறார். மாட்டியதை விடுவிக்க உட்கார்ந்துகொள்ளுங்கள். மீனை வலையில் எடுக்கவும், பெரிய படகு எழுப்பிய அலை வரும்போதும் அப்படியே. அலைக்கு முன்முனையைக் காட்டுங்கள், விலாவைக் காட்டாதீர்கள். வீச்சும் முன்முனைக்கு இருபுறமும் ஒரு விசிறி அளவுக்குள் இருந்தால் இழுப்பு படகின் நீளவாட்டில் விழும்.

கடைசியாக, வேண்டுமென்றே கவிழ்த்துப் பாருங்கள். அகலமான தட்டையடிப் படகு நிமிர்ந்திருக்கும்போது எவ்வளவு உறுதியோ, கவிழ்ந்து கிடக்கும்போதும் அவ்வளவு உறுதி. 38 அங்குலப் படகை நீந்திக்கொண்டே கையால் புரட்டுவது கடினம். பக்கக் கைப்பிடியில் 2 முதல் 3 மீட்டர் பட்டை நாடா ஒன்றைக் கட்டி வைத்தால், அதை அடிப்பக்கத்தின் மேலாக வீசி, மறுபக்கம் போய், முழங்காலை விளிம்பில் ஊன்றி, பின்னால் சாய்ந்து இழுத்துப் புரட்டலாம். பிறகு காலை உதைத்து, வயிற்றைத் தளத்தின் குறுக்கே இழுத்துப் போட்டு, திரும்பி உட்கார வேண்டும். இதை முதலில் இடுப்பளவிலும், அடுத்துக் கால் எட்டாத ஆழத்தில் துணையோடும் செய்யுங்கள். நாடா இருந்தும் தனியாகப் புரட்டி ஏற முடியவில்லை என்றால், எவ்வளவு நன்றாக நிற்க முடிந்தாலும் அந்தப் படகை விட்டுவிட்டு ஓர் அளவு சிறியதைப் பாருங்கள்.